சும்மா காற்றுக்கு ஏன் இந்த விலை?

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. நானும் அண்ணனும் குச்சவெளியில் அனுமதிப்பத்திரம் எடுத்துச் சங்கு குளிக்கிறோம். இவ்வளவு நாளும் முதலாளியின் சிலிண்டரில் இறங்கினோம். இந்த முறை சொந்தமாக ஆறு அலுமினிய சிலிண்டர் பழசாக வாங்கியிருக்கிறோம். காற்று அடிக்கக் கொண்டுபோன முதல் இடத்தில் நாலைத்தான் அடித்துத் தந்தார்கள். மற்ற இரண்டுக்கும் டெஸ்ட் வேண்டுமாம். இன்னோர் இடத்தில் ஒரு கேள்வியும் இல்லை, ஆறையும் அடிக்கிறார்கள். முதல் இடத்தில் ஐந்து ரூபா என்றால் இங்கே நாலு. அவசரமென்றால் வெறும் சிலிண்டரைக் கொடுத்து அவர்களுடைய நிறைந்த சிலிண்டரை மாற்றி எடுத்துக்கொண்டும் வரலாம். ஆனால் அங்கே அடித்ததை விடிய வள்ளத்தில் வைத்துப் பார்த்தால் கேஜ் முள் 200 பாருக்குப் பதில் 170இல் நிற்கிறது. சும்மா காற்றுக்கு ஏன் இவ்வளவு விலை? எந்த இடம் நியாயம்? கேஸ் சிலிண்டர் மாதிரி மாற்றிக்கொண்டால் என்ன பிழை? பேசாமல் நாங்களே ஒரு கொம்பிரசர் வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் உப்புவெளியில் காற்று அடித்து விற்கிறவன்தான். விலையைப் பற்றி நான் பேசுவதை அந்த நினைப்போடே கேளுங்கள். அதனால்தான் இங்கே கணக்கைக் காட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே பிடிக்கலாம்.

"சும்மா காற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். டயர் கடையில் அடிப்பதும் காற்றுத்தான், அதற்கு ஒருவரும் பெரிதாகக் காசு கேட்பதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் டயருக்கு 30 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். உங்கள் அலுமினிய சிலிண்டர் 3,000 பிஎஸ்ஐ கேட்கிறது, அதாவது 207 பார். சரியாக நூறு மடங்கு. டயர் கடைக் கொம்பிரசர் பத்துப் பாரை எட்டவே திணறும். 200 பாருக்குப் போக வேண்டுமென்றால் காற்றை மூன்று, நாலு கட்டமாக நெருக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஆறவைத்து, தண்ணீரை வடித்து, எண்ணெய்ப் புகையை வடிகட்டி அனுப்ப வேண்டும். அப்பா காலத்தில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களுக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை, மூச்சு சொந்த மூச்சு. சிலிண்டர் முதுகில் ஏறியது, அதோடு செலவும் ஏறியது.

கணக்குக்கு வருவோம். உங்களிடம் இருப்பது வழக்கமான எண்பது சிலிண்டர், அதாவது ஏறக்குறைய 80 கன அடிக் காற்றுப் பிடிப்பது என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளே 11.1 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 50 பார் மிச்சத்தோடு கொண்டுவந்து 200க்கு நிரப்பினால் 150 பார் ஏற வேண்டும். 11.1ஐ 150ஆல் பெருக்குங்கள். வெளிக்காற்றுக் கணக்கில் 1,665 லீற்றர். ஆறு சிலிண்டருக்குப் பத்தாயிரம் லீற்றர். நிமிடத்துக்கு 100 லீற்றர் இழுக்கிற சிறிய கொம்பிரசர் அதற்காக 100 நிமிடம் ஓட வேண்டும். பெட்ரோல் இயந்திரமென்றால் அந்த நேரத்தில் இரண்டரை லீற்றர் அளவில் குடிக்கும். சிலிண்டருக்கு அரை லீற்றர்கூட வராது. அப்போ மிச்சக் காசு எங்கே போகிறது என்று கேட்பீர்கள்.

பெரும்பகுதி ஃபில்டருக்குப் போகிறது. கரியும் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகளும் அடைத்த குழல் அது. எங்கள் ஊர்க் காற்று எவ்வளவு ஈரம் என்பது உங்களுக்குத் தெரியும், உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மாலைக்குள் கசிந்துவிடும். அந்த ஈரம் முழுவதும் கொம்பிரசருக்குள் தண்ணீராக இறங்குகிறது. உங்கள் ஆறு சிலிண்டரை நிரப்பும்போது ஏறக்குறையக் கால் லீற்றர் தண்ணீர் வெளியே வர வேண்டும். பெரும்பகுதியைக் கால் மணிக்கு ஒருமுறை வால்வு திறந்து நாமே வடிக்கிறோம், மீதியை ஃபில்டர் குடிக்கிறது. காற்று சூடாக இருந்தால் அதற்குள் ஈரமும் அதிகம். கொம்பிரசரோடு வரும் புத்தகத்தில் ஃபில்டருக்கு இத்தனை மணித்தியாலம் என்று போட்டிருப்பது 20 பாகை வெப்பத்துக்கான கணக்கு. உள்ளே காற்று 40 பாகையாகிவிட்டால் அதன் ஆயுள் மூன்றில் ஒன்றுக்கு வந்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் உப்புவெளிக் கொட்டிலில் 20 பாகை காற்றுக்கு எங்கே போவது? குளிர்நாட்டில் ஒரு ஃபில்டர் மாற்றுகிற இடத்தில் இங்கே மூன்று மாற்ற வேண்டும். அதுவும் டொலர் விலைச் சாமான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது நாங்கள் முதலில் உணர்ந்தது பெட்ரோல் வரிசையில் அல்ல, ஃபில்டர் வாங்கப் போன இடத்தில்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசர்காரர்களுக்கு அது தனி அடி.

அப்புறம் எண்ணெய், வால்வு, கடைசிக் கட்ட பிஸ்டன், பக்கத்தில் நின்று பார்க்கிற ஆளின் கூலி. வாடைக் காற்று தொடங்கினால் கடல் கலங்கி உல்லாசப் பயணிகளும் வரமாட்டார்கள், நீங்களும் இறங்கமாட்டீர்கள். அந்த மாதங்களில் இயந்திரம் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். அந்த மாதங்களின் செலவையும் சீசனுக்குள்தான் தேட வேண்டும்.

ஆகவே மலிவாக அடிப்பவர் இவற்றில் எதையோ குறைக்கிறார். எதைக் குறைக்கிறார் என்று பார்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில் கொம்பிரசர் வைத்திருப்பவருக்கு வாடகை இல்லை, அவர் குறைத்துக் கொடுப்பது நியாயம். ஃபில்டரை மாற்றாமல் குறைத்தால் அந்தக் காசை உங்கள் நுரையீரல் கட்டுகிறது.

இப்போது அந்த 170. இதில்தான் உங்களுக்கு உண்மையான விலை தெரியும். காற்றை வேகமாக அடித்தால் சிலிண்டர் சூடேறும், கையை வைத்துப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் முள் கூடுதலாகக் காட்டும். உள்ளே 60 பாகையில் 200 பார் காட்டியது, 30 பாகைக்கு ஆறியதும் 182 ஆகும். காற்று ஒன்றும் கசியவில்லை, கணக்கு அப்படி. அவசரக்காரர் 187 வந்ததுமே குழாயைக் கழற்றிவிடுவார். அது ஆறினால் 170. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதிய விலைகளை இங்கே போட விரும்பவில்லை, ஊர் சின்னது. ஐந்துக்கு நாலு என்ற விகிதத்தை மட்டும் எடுத்து, முதல் இடம் 1,000 ரூபா, இரண்டாம் இடம் 800 ரூபா என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 50இலிருந்து ஆறிய 200 வரை தருகிறார்கள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 1,665 லீற்றர். லீற்றருக்கு 60 சதம். இரண்டாம் இடத்தில் 50இலிருந்து ஆறிய 170 வரை 120 பார், அதாவது 1,332 லீற்றர். 800ஐ 1,332ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 60 சதம்! மலிவு என்று நீங்கள் நினைத்த இடம் ஒரு சதம்கூட மலிவில்லை. காற்றைக் குறைத்துத் தந்து காசைக் குறைத்து வாங்கியிருக்கிறார்கள்.

கடலுக்கடியில் இதன் பெறுமதி இன்னும் கூடும். குறைந்த 30 பார் என்பது 333 லீற்றர். மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிற ஆள், அழுத்தம் மூன்று மடங்காகிற 20 மீற்றர் ஆழத்தில் 60 லீற்றர் இழுப்பான். ஐந்தரை நிமிடம் போய்விட்டது. சங்கு கண்ணில் பட்ட நேரத்தில் ஐந்தரை நிமிடம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றுக் காணாமல் அவசரப்பட்டு மேலே வருவதில் உள்ள ஆபத்தையும் சொல்லத் தேவையில்லை. கை கால் விளங்காமல் வீட்டில் கிடக்கிற சுழியோடிகளை எங்கள் கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் இனி விலை பேசும்போது "ஒரு சிலிண்டர் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "ஆறிய பிறகு 200க்கு எவ்வளவு" என்று கேளுங்கள். மாலையில் கொடுத்துவிட்டு விடிய எடுங்கள், எடுக்கும்போது உங்கள் கேஜைப் போட்டுப் பாருங்கள். 195க்கு மேல் இருந்தால் குறை சொல்ல மாட்டேன். குறைந்தால் அங்கேயே மிச்சத்தையும் நிரப்பித் தரச் சொல்லுங்கள், நல்ல இடத்தில் அதற்குத் தனிக்காசு கேட்கமாட்டார்கள். நீங்கள் 100 பார் மிச்சத்தோடு கொண்டுபோனால் பாதி விலை தருவார்களா என்றால், பெரும்பாலும் தரமாட்டார்கள். குழாய் மாட்டுவதும் பக்கத்தில் நிற்பதும் ஒரே வேலைதான் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆறு சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் நீங்கள். மாதக் கணக்கு வைத்துக் குறைத்துக் கேளுங்கள். அதற்கு மாட்டேன் என்றால் அவர் வியாபாரம் தெரியாதவர்.

இன்னொன்று: சிலிண்டரை முழுவதும் காலியாக்கிக் கொண்டுபோகாதீர்கள். 30 பாராவது விட்டுவையுங்கள். காலியான சிலிண்டருக்குள் கடல்நீர் புகுந்திருக்கலாம் என்பதால் நான் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்காமல் அடிக்கமாட்டேன், அதற்கு வேறு காசு. வீண் செலவு.

காற்றின் தரம் பற்றி ஒரு பழைய கதை. பல வருடத்துக்கு முன், எந்த இடம் என்பது வேண்டாம், ஓரிடத்தில் அடித்த சிலிண்டரோடு 25 மீற்றருக்கு இறங்கினேன். பத்து நிமிடத்தில் தலை இடிக்கத் தொடங்கியது. மேலே வந்து வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அன்று பின்னேரமே போய்ப் பார்த்தேன். கொம்பிரசர் காற்றிழுக்கிற குழாய் சுவருக்கு இந்தப் பக்கம், ஜெனரேட்டரின் புகைக்குழாய் அதே சுவருக்கு அந்தப் பக்கம், நடுவில் திறந்த ஜன்னல். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மேலே பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு, 30 மீற்றரில் நாலு மடங்கு வேலை காட்டும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 12021 இதைப் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் விடுவதில்லை. எண்ணெய்க்கு ஒரு கன மீற்றரில் அரை மில்லிகிராம்தான் எல்லை.

நீங்கள் ஆய்வுகூடம் வைத்துக்கொண்டு திரிய முடியாது. ஆனால் கண் இருக்கிறது. காற்றிழுக்கும் குழாய் எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, பக்கத்தில் ஓட்டோ ஸ்டார்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள், நல்ல இடத்தில் கொப்பி வைத்திருப்பார்கள், மணித்தியாலம் எழுதியிருக்கும். நிரப்பிய சிலிண்டரின் வால்வில் வெள்ளைத் துணியைப் பிடித்துக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். எண்ணெய்க் கறையோ ஈரமோ பட்டால், அல்லது டீசல் வாடை அடித்தால் அதோடு இறங்க வேண்டாம். துணி சுத்தமாக இருந்தால் காற்றும் சுத்தம் என்று ஆகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள். உங்கள் இரண்டாம் இடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆறு பழைய சிலிண்டரை ஒரு கேள்வியும் கேட்காமல் அடிக்கிறவர் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு இதைப் பாருங்கள். நிறைந்த ஒரு எண்பது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் சக்தி, நிலாவெளி வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றரில் வருகிற ஒன்றரைத் தொன் வானின் சக்திக்குச் சமம். அதைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் நிற்கிறோம். சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் எழுத்துகளைத் தடவிப் பாருங்கள். அமெரிக்க வகையென்றால் 3ஏஎல் என்ற அலுமினியக் குறி, அதற்குப் பக்கத்தில் அழுத்தம் 3000, பிறகு இலக்கம், கடைசியில் மாதமும் வருடமும். வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து புதுத் திகதி அடிக்க வேண்டும். 3,000க்கான அலுமினிய சிலிண்டரை 5,000 வரை அழுத்திப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே லைட் அடித்துப் பார்ப்பது வேறு. திகதி தாண்டிய சிலிண்டருக்கு முதல் இடத்தார் மறுத்தது உங்களிடம் காசு பிடுங்க அல்ல. சோதனைக்கு கொழும்புக்கு அனுப்புவதென்றால் 260 கிலோமீற்றர் போய்வருகிற லொறிக் கூலியும் சேரும், அது கசக்கத்தான் செய்யும். பழைய சிலிண்டர் வாங்கும்போதே அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்டிருக்க வேண்டும். போனது போகட்டும்.

இரண்டில் ஒன்றாவது 1980களில் செய்ததாக இருந்தால் விஷயம் வேறு. அந்தக் காலத்து அலுமினிய சிலிண்டர்கள் பல 6351 என்ற கலப்புலோகத்தில் செய்தவை. வருடக்கணக்கில் அழுத்தத்தில் இருந்தே கழுத்துப் பகுதி வெடிக்கக்கூடியவை. கழுத்துக்கென்று தனிச் சோதனை உண்டு. ஆனால் அந்தக் காசை அதற்குப் போடாமல் சிலிண்டரை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இப்போது மாற்றிக்கொள்ளும் கதை. வீட்டுக் கேஸ் சிலிண்டரை மாற்றும்போது நீலத்துக்கு நீலம், மஞ்சளுக்கு மஞ்சள் என்று கொடுத்து வாங்குகிறோம். எங்கள் வீட்டில் நேற்று இருந்த சிலிண்டர் இன்று மூதூரில் இருக்கலாம், யாரும் கவலைப்படுவதில்லை. ஏன்? நாம் வாங்குவது உள்ளே இருக்கிற 12.5 கிலோ எரிவாயுவை. சிலிண்டர் கம்பனியின் சுற்றில் ஓடுகிறது, திரும்பி வரும்போது சோதித்து, பழுதானதைக் கழித்துவிடும் பொறுப்பு கம்பனிக்கு. அழுத்தமும் பத்துப் பாருக்குள்தான். சுழியோடும் சிலிண்டருக்கு அப்படி ஒரு கம்பனி இங்கே பின்னால் நிற்கவில்லை. நீங்கள் திகதி சரியான ஒன்றைக் கொடுத்து, யாரோ கழித்துவிட வேண்டிய ஒன்றை நிறைத்து வாங்கி வருகிறீர்கள். அடுத்த முறை அடிக்கப் போகும்போது அந்தச் சிலிண்டரின் சோதனைச் செலவு உங்கள் தலையில். நாலைந்து முறை மாற்றினால் ஊரிலுள்ள பழசெல்லாம் உங்கள் வள்ளத்தில் சேர்ந்துவிடும். இதில் ஏமாற்று என்று எதுவும் இருக்கத் தேவையில்லை. நல்ல சிலிண்டர் வைத்திருப்பவன் அதை மாற்றக் கொடுக்கமாட்டான், ஆகவே மாறுவதற்கு வருவது பழசுதான்.

புதுப் பெயிண்ட் பளபளக்கிற சிலிண்டரைக் கண்டால் இன்னும் கவனம். கீறலையும் திகதியையும் பெயிண்ட் மறைக்கும். சூளையில் வைத்துச் சுட்டுப் பூசியிருந்தால் அலுமினியத்தின் பலமே போயிருக்கும்.

அவசர நாளில் மாற்றாமல் வாடகைக்கு எடுங்கள். அவர்களின் சிலிண்டர், அவர்களின் பொறுப்பு, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்வீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு சிலிண்டரின் தோளையும் போனில் படம் எடுத்துவைத்து, உங்களுடையதே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, சொந்தக் கொம்பிரசர். இந்த வருடம் வேண்டாம். ஆறு சிலிண்டருக்காக ஒருவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 100 நிமிடம் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும், தண்ணீர் வடிக்க வேண்டும், ஃபில்டர் வாங்க வேண்டும். கடலில் இருந்து வந்து களைத்த உடம்போடு அதைச் செய்கிறவன் ஒருநாள் ஃபில்டரை "நாளைக்கு மாற்றலாம்" என்று விடுவான், நானே விட்டிருக்கிறேன். உங்கள் கரையில் நாலு வள்ளம் ஒன்றுசேர்ந்து, ஒரே ஆளைப் பொறுப்பாகப் போட்டுச் செய்தால் அது வேறு கணக்கு. அப்போது எழுதுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

டயர் கடைக்காரர், வெல்டிங் கடைக்காரர் யாராவது "நான் ஒட்சிசன் அடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் கிட்டவும் போகாதீர்கள். ஊரில் எல்லோரும் இதை ஒட்சிசன் சிலிண்டர் என்றுதான் சொல்கிறார்கள், அந்தப் பெயராலேயே வினை வரும். இதற்குள் இருப்பது சாதாரணக் காற்று, ஒட்சிசன் அதில் 21 வீதம்தான். தனி ஒட்சிசனை ஆறு மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம்.

முதல் இடத்தார் திருப்பித் தந்த அந்த இரண்டு சிலிண்டரும் இப்போது எங்கே இருக்கின்றன? இரண்டாம் இடத்தில் அடித்து நிறைத்து வைத்திருந்தால், வெளியில் நிழலில் நிமிர்த்திவைத்து, வால்வை மெல்லத் திறந்து காற்றை விட்டுவிடுங்கள். இரண்டின் தோளையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, எழுத்துத் தெரியப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடத்துச் சிலிண்டர், டெஸ்டுக்கு அனுப்புவதா திருப்பிக் கொடுப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.